ஹூக்ளி தந்த வள்ளல் ஹாஜி முஹம்மது முஹ்ஸின்

செத்தும் கொடுத்தவர் என்ற பேச்சு எழுந்தால் நமக்குக் கீழக்கரைச் சீதக்காதி வள்ளலின் நினைவுதான் வரும். வங்காளத்து முஸ்லிம்களுக்கும் அப்படி ஒருவர் உண்டு. அன்னார் பெயர் ஹாஜி முஹம்மது முஹ்ஸின். கல்கத்தாவிலும் டாக்காவிலும் சிட்டகாங்கிலும் சரக்கு வாங்கப் போய் வந்த நம் பெரியவர்கள் அந்தப் பெயரைக் கல்லூரி வாசலிலும் விடுதிப் பலகையிலும் பார்த்திருப்பார்கள். யார் எவரென்று விசாரித்தவர்கள் குறைவு.

முஹ்ஸின் என்ற சொல்லுக்கு நன்மை செய்பவர் என்பது பொருள். பெயருக்குப் பொருத்தமாக வாழ்ந்தவர் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் இவர் சரித்திரத்தில் நம் போன்ற வியாபாரிகள் நின்று கவனிக்க வேண்டிய விஷயம் வேறொன்று. அன்னார் கொடுத்த சொத்தில் ஒரு காசுகூட அவர் சம்பாதித்ததல்ல. எழுபது வயதுக்கு மேல், எதிர்பாராமல், மரணமடைந்த சகோதரியிடமிருந்து வந்து சேர்ந்தது. வந்த சொத்தை என்ன செய்வது என்ற கேள்வி பிள்ளைகளுக்குச் சொத்து வைத்துவிட்டுப் போகும் எல்லோர் வீட்டிலும் உள்ள கேள்விதானே!

ஹூக்ளி என்பது கல்கத்தாவுக்கு வடக்கே, கங்கையின் கிளை நதியான ஹூக்ளி ஆற்றின் கரையில் உள்ள ஊர். கல்கத்தா தோன்றுமுன் வங்காளத்தின் பெரிய துறைமுகம் அதுதான். முதலில் போர்த்துகீசியர் அங்கே கோட்டை கட்டினர். 1632-ல் ஷாஜஹான் பாதுஷாவின் படை அவர்களை விரட்டியது. பிறகு ஆங்கிலேயர் வந்தனர். அடுத்த ஊரான சின்சுராவில் டச்சுக்காரர், சந்திரநாகூரில் பிரெஞ்சுக்காரர், செராம்பூரில் டேனியர் என்று ஆற்றங்கரை நெடுக ஒவ்வொரு கொடிக்கும் ஒரு கிட்டங்கி. இவர்களோடு ஈரானிலிருந்து வந்த வர்த்தகர்களும் அங்கே குடியேறியிருந்தனர். பாரசீகம் அக்காலத்தில் அரசாங்க மொழி. ஆகவே அவர்களுக்கு வங்காளம் அந்நிய பூமியாகத் தோன்றவில்லை.

அப்படி வந்தவர்களில் ஒருவர் ஆகா முதாஹர். ஒளரங்கசீப் பாதுஷாவின் தர்பாரில் தயவு பெற்று, யசோர் பகுதியில் ஜாகீர் நிலங்கள் அடைந்து, ஹூக்ளியில் வந்து தங்கினார். பெருஞ்செல்வர். அவருக்கு ஒரே மகள், மன்னுஜான். தந்தை அக்குழந்தையின் கழுத்தில் பொன் தாயத்து ஒன்றைக் கட்டி, தாம் இறந்த பிறகே அதைத் திறக்க வேண்டும் என்று சொல்லி வைத்தாராம். அவர் மறைந்தபின் தாயத்தைத் திறந்தார்கள். தம் சொத்து முழுவதையும் மகளுக்கே கொடுத்துவிட்டதாக எழுதிய பத்திரம் அதனுள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. ஹூக்ளியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த கதை இது.

மார்க்கச் சட்டப்படி பிள்ளையுள்ளவன் இறந்தால் விதவைக்கு எட்டில் ஒரு பங்கு உண்டென்பது நம் வாசகர்கள் அறிந்ததே. உயிரோடிருக்கும்போதே மகளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொண்டாலும், கட்டிய மனைவிக்குச் சொல்லாமல் தாயத்துக்குள் மறைத்துச் செய்த காரியத்தைப் புகழ்வதற்கில்லை. விதவையான ஜைனப் கானம் மனம் நொந்தார். பிறகு அவர், ஈரானிய வழிவந்த வர்த்தகரான ஹாஜி பைஸுல்லாஹ் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். அந்த மணத்தில் 1732-ல் ஹூக்ளியில் பிறந்த பிள்ளைதான் முஹம்மது முஹ்ஸின்.

ஆக, ஒரே வீட்டில் ஒரு தாய்க்குப் பிறந்த இரண்டு பிள்ளைகள். ஒருத்தி பெரும் ஜாகீருக்கு உடையவள். மற்றவனுக்கு அந்தச் சொத்தில் ஓர் அணாகூடச் சேர வேண்டியதில்லை. இப்படிப்பட்ட வீடுகளில் என்ன நடக்கும் என்பதை நாம் கண்டிருக்கிறோம். சகோதரர்கள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் நீதிமன்றப் படிக்கட்டில் தேய்ந்து போகிறார்கள். ஹூக்ளி வீட்டில் நடந்தது வேறு. பல வயது மூத்தவளான மன்னுஜான் தம்பியைத் தூக்கி வளர்த்தாள். தம்பி அக்காவைத் தாயைப்போல் மதித்தான். இந்த ஒன்று இல்லாதிருந்தால் பின்னால் சொல்லப்போகும் எதுவும் நடந்திருக்காது.

சிறுவனுக்கு வீட்டிலேயே அரபும் பாரசீகமும் கற்பிக்கப்பட்டன. பல நாடுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஹூக்ளியில் தங்கியிருந்த ஷீராஸ் நகரத்து ஆலிம் ஒருவர் அவனுக்கு உஸ்தாதாக அமைந்தார். பாடத்தோடு அவர் சொன்ன ஊர்க் கதைகள்தாம் பிற்காலத்தில் மாணவனைக் கப்பலேற்றின என்பார்கள். மேற்படிப்புக்கு முர்ஷிதாபாத். அதோடு மல்யுத்தம், வாள்வித்தை, இசை எல்லாம் பழகினார். கையெழுத்து முத்துப் போன்றது. திருக்குர்ஆனைத் தம் கையாலேயே பலமுறை பிரதி எடுத்து ஏழைகளுக்கும் மத்ரஸாக்களுக்கும் கொடுத்தார்.

செல்வமுள்ள பெண் தனியே இருந்தால் சுற்றிலும் கழுகுகள் வட்டமிடும். மன்னுஜானை நஞ்சிட்டுக் கொன்று சொத்தைப் பறிக்கச் சிலர் சதி செய்ததாகவும், அது முஹ்ஸினின் காதுக்கு எட்டி அவர் அக்காவை எச்சரித்துக் காப்பாற்றியதாகவும் ஒரு செய்தி உண்டு. அதன்பின் மன்னுஜான், ஹூக்ளியில் நவாபின் அதிகாரியாயிருந்த மிர்ஸா ஸலாஹுத்தீனை மணந்தாள். அக்காவுக்குத் துணை கிடைத்துவிட்டது. தமக்கு இனி அங்கே காவல் வேலை இல்லை என்று கண்ட முஹ்ஸின் பிரயாணம் புறப்பட்டார்.

ஏறக்குறைய 27 வருஷங்கள் அவர் திரும்பவில்லை. வட இந்திய நகரங்கள், அரபு நாடு, ஈரான், இராக், துருக்கி, எகிப்து எனச் சுற்றினார். மக்காவில் ஹஜ்ஜை நிறைவேற்றினார். மதீனாவிலும் நஜபிலும் கர்பலாவிலும் தங்கினார். மணம் செய்துகொள்ளவில்லை. வியாபாரமும் செய்யவில்லை. கற்றார், எழுதினார், நடந்தார். அந்த வருஷங்களைப்பற்றி விவரமாகச் சொல்ல அதிகம் இல்லை.

சொல்ல வேண்டியது, அந்தக் காலத்தில் ஹூக்ளியில் மன்னுஜான் செய்ததை. முஹ்ஸினைப் புகழ்கிறவர்கள் இந்த அம்மையாரை இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது நியாயமல்ல.

கணவர் ஸலாஹுத்தீன் காலமானார். குழந்தை இல்லை. யசோர் ராஜாவின் பெரிய ஜமீனில் நாலணா பங்கு, அதாவது நாலில் ஒன்று, ஸலாஹுத்தீனின் வழியாக இக்குடும்பத்துக்கு வந்திருந்தது. ஸையித்பூர் ஜமீன் என்று அதற்குப் பெயர். கல்கத்தாவுக்கு அருகே அவருக்கிருந்த நிலம் கும்பினியாருக்குக் கொடுக்கப்பட்டபோது, அதற்கு ஈடாக நவாப் அளித்தது அது. தந்தை வழிச் சொத்து, கணவர் வழிச் சொத்து இரண்டையும் தாங்கிக்கொண்டு அந்த விதவை தனியே நின்றாள்.

காலமோ மிகப் பொல்லாத காலம். 1757-ல் பிளாசிப் போர். 1765-ல் வங்காளத்தின் வரிவசூல் உரிமை கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போயிற்று. 1770-ல் கொடிய பஞ்சம். வங்காள மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டதாகக் கும்பினி அதிகாரிகளே கணக்கிட்டனர். கும்பினி அதற்கும் அஞ்சாமல் வரியைக் கறந்தது. பிறகு 1793-ல் கார்ன்வாலிஸ் பிரபுவின் நிரந்தர வரித்திட்டம் வந்தது. குறித்த நாளில் சூரியன் அஸ்தமிப்பதற்குள் கிஸ்தி கட்டாவிட்டால் ஜமீன் ஏலத்துக்குப் போய்விடும். தலைமுறைகளாக ஆண்ட எத்தனையோ ஜமீன்தார்கள் அந்த அஸ்தமனத்தில் மூழ்கிப் போனார்கள். யசோர் ராஜாவின் பன்னிரண்டணா பங்கும் துண்டு துண்டாக ஏலத்தில் கரைந்தது. மன்னுஜானின் நாலணா பங்கு கரையவில்லை! ராஜா தோற்ற இடத்தில் பர்தாவுக்குள்ளிருந்து கணக்குக் கேட்ட ஒரு விதவை ஜெயித்தாள். ஒழுங்காகப் பேரேடு பார்த்து, கிஸ்தியை நாள் தவறாமல் கட்டி, குடியானவர்களையும் கசக்காமல் அந்த ஜமீனை நடத்தியவள் அவள். முஹ்ஸின் கொடுத்தார் என்றால், கொடுப்பதற்கு ஏதாவது மீதமிருந்தது இவளால்தான்.

வயது ஏறிக்கொண்டே வந்தது. பாரத்தை இறக்கி வைக்க ஆள் வேண்டும். ஊர் திரும்பியிருந்த தம்பியை ஹூக்ளிக்கு அழைத்தாள். முஹ்ஸின் முதலில் தயங்கினார் என்றும், அக்காவின் முதுமையைக் கண்டு இணங்கினார் என்றும் கூறுவர். சொத்தனைத்தையும் அவர் பேருக்கு எழுதி வைத்துவிட்டு 1803-ல் மன்னுஜான் காலமானாள். அப்போது முஹ்ஸினுக்கு வயது 71.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கலாம். மனைவி இல்லை, மக்கள் இல்லை, வாழ்நாளெல்லாம் பையில் ஓரிரு ரூபாயோடு தேசாந்திரம் திரிந்தவர். அவர் கையில் வருஷத்துக்குச் சுமார் 45,000 ரூபாய் வருமானமுள்ள ஜமீன் வந்து விழுகிறது. அக்காலத்து ரூபாய்! இந்த வயதில் இனி என்ன என்று ஒதுங்கி இருந்திருக்கலாம். தூரத்து உறவினர்கள் கூடாமல் இருந்திருக்கமாட்டார்கள். அவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டுத் தஸ்பீஹோடு உட்கார்ந்திருக்கலாம். இரண்டையும் அவர் செய்யவில்லை.

வாழ்க்கை முறையை அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை. அதே எளிய உடை, அதே சிறிய அறை, அதே பிரதி எடுக்கும் வேலை. இருட்டியபின் தனியே புறப்பட்டு ஏழைகள் குடியிருக்கும் சந்துகளில் நடப்பார். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை, எந்த வீட்டில் நோயாளி கிடக்கிறான் என்று பார்த்துவிட்டு வருவார். விடிவதற்குள் அந்த வீட்டுக்கு உதவி போய்ச் சேர்ந்திருக்கும். இந்து என்றோ முஸ்லிம் என்றோ பார்த்ததில்லை. ஓர் இரவு அவர் அறைக்குள் திருடன் ஒருவன் புகுந்தான். பழைய மல்யுத்தக்காரரல்லவா, முதுமையிலும் பிடியைத் தளரவிடவில்லை. விசாரித்தால், பிள்ளைகள் பட்டினி என்று அழுதான். பணமும் உணவும் கொடுத்து அனுப்பினார். வங்காளத்துப் பள்ளிப் பிள்ளைகள் இன்றும் படிக்கும் கதை இது.

ஆனால் இரவில் நடந்து கொடுக்கும் தருமம் கொடுப்பவன் காலோடு போய்விடும். அது அவருக்குத் தெரிந்திருந்தது. 1806-ல் அவர் வக்பு பத்திரம் எழுதினார்.

அந்தப் பத்திரத்தை வியாபாரியின் கண்ணோடு பார்ப்போம். யசோர் ஜில்லாவிலுள்ள ஸையித்பூர், ஸோப்னால் நிலங்களும், ஹூக்ளியிலிருந்த இமாம்பாரா கட்டிடமும் கடைவீதியும் வக்பு ஆக்கப்பட்டன. சர்க்கார் கிஸ்தி போக மிஞ்சும் வருமானம் 9 பங்காகப் பிரிக்கப்பட வேண்டும். அதில் 3 பங்கு பாத்திஹா, முஹர்ரம் முதலிய மார்க்கக் காரியங்களுக்கும், இமாம்பாரா, அடக்கஸ்தலம் ஆகியவற்றின் பழுது பார்ப்புக்கும். 4 பங்கு ஊழியர்களின் சம்பளத்துக்கும், தனிப் பட்டியலில் குறித்த பேர்களின் உபகாரச் சம்பளத்துக்கும். மீதி 2 பங்கு இரண்டு முத்தவல்லிகளுக்கு, ஆளுக்கு ஒன்று. ரஜப் அலீ கான், ஷாகிர் அலீ கான் என்ற இருவரை முத்தவல்லிகளாக நியமித்தார். தமக்குப் பின் வருபவரை நியமிக்கும் அதிகாரமும் அவர்களுக்கே தரப்பட்டது.

அவர் ஷீஆ மரபைச் சேர்ந்தவர். ஆகவே பத்திரத்தின் மார்க்கச் சடங்குகள் அந்த மரபுப்படி அமைந்தன. ஷாபிஈ, ஹனபி வழி நடக்கும் நமக்கு அவற்றில் சில புதிதாகத் தோன்றலாம். பின்னாளில் அந்தப் பணத்தில் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஸுன்னத் ஜமாஅத்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பத்திரத்தில் கவனிக்க வேண்டிய பலவீனம் ஒன்று இருந்தது. முத்தவல்லிகளுக்குப் பங்கு உண்டு, அதிகாரம் உண்டு. அவர்களிடம் கணக்குக் கேட்பவர் யார் என்று எழுதப்படவில்லை. நல்லவர்கள் எல்லோரையும் தம்மைப்போலவே எண்ணிவிடுவது வழக்கம்.

1812 நவம்பரில், 80 வயதில் ஹாஜி முஹ்ஸின் ஹூக்ளியிலேயே காலமானார். இமாம்பாராவின் அருகே அக்காவின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

சாதாரணமாகப் பெரியவர்களின் சரித்திரம் இத்துடன் முடியும். இவர் சரித்திரத்தின் பாதி இனிமேல்தான்.

முத்தவல்லிகள் இருவருக்கும் ஒத்துப் போகவில்லை. சச்சரவு முற்றி, வக்புப் பணத்தைக் கையாடினார்கள் என்ற புகாரில் வந்து நின்றது. ஆங்கிலேயக் கலெக்டர் சொத்தை ஜப்தி செய்தார். சில வருஷம் வழக்கு நடந்தபின் சர்க்கார் இருவரையும் நீக்கியது. ஒரு முத்தவல்லியின் ஸ்தானத்தைச் சர்க்காரே எடுத்துக்கொண்டது. மற்ற ஸ்தானத்துக்குத் தானே ஓர் ஆளை நியமித்தது. நிலங்களை நிரந்தரக் குத்தகைக்கு விட்டு, அதற்காகப் பெரும் முன்பணம் வாங்கியது. நீக்கப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை ஏறி 1835-ல்தான் ஓய்ந்தது. வழக்கு நடந்த அத்தனை வருஷமும் வருமானம் செலவழியாமல் சேர்ந்துகொண்டே வந்தது. குத்தகைப் பணமும் இதுவுமாகப் பல லட்ச ரூபாய் குவிந்துவிட்டது.

நம் ஊர்ப் பக்கத்திலும் இப்படிப்பட்ட காட்சிகள் புதிதல்ல. எனக்குத் தெரிந்த ஒரு சிற்றூரில் பெரியவர் ஒருவர் பள்ளிவாசல் எண்ணெய்ச் செலவுக்கென்று கடை ஒன்றை விட்டுப் போனார். அடுத்த தலைமுறையில் அந்தக் கடைக்கு வாடகை எவ்வளவு, யார் வாங்குகிறார்கள் என்று கேட்டால் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். நான்காவது முறை நான் கேட்கவில்லை. அது என் குற்றம். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வக்புச் சொத்துகளைக் கவனிக்க 1905-ம் வருஷத்துச் சட்டப்படி போர்டு ஏற்பட்டதற்கும் இம்மாதிரிப் புகார்கள்தாம் காரணம். ஹூக்ளி நமக்கு அவ்வளவு தூரமுமல்ல. முஹ்ஸினின் காலத்தில், 1786 முதல் 1805 வரை, பினாங்கு கல்கத்தாவின் ஆட்சிக்கு உட்பட்டுத்தானிருந்தது.

நிற்க. குவிந்த பணத்தை என்ன செய்வது என்று சர்க்கார் யோசித்தது. பத்திரத்தில் கல்லூரி என்ற சொல்லே இல்லை. ஆனால் இறைவழியில் நற்காரியம் என்ற கருத்துக்குள் கல்வி அடங்கும் என்று முடிவு செய்தார்கள். சின்சுராவில் ஆற்றங்கரையோரம், சிந்தியாவின் படைத்தலைவராயிருந்த பிரெஞ்சுக்காரர் பெரோன் கட்டிய மாளிகையில், 1836 ஆகஸ்டு முதல் தேதி முஹ்ஸினின் பணத்தில் ஒரு கல்லூரி திறக்கப்பட்டது. ஹூக்ளி கல்லூரி என்று அது வழங்கிற்று. திறந்த மூன்றே நாளில் ஆங்கிலப் பகுதிக்கு 1,200 பேரும், அரபு - பாரசீகப் பகுதிக்கு 300 பேரும் பெயர் கொடுத்தார்கள் என்றால், அந்த நாட்டின் கல்விப் பசி எவ்வளவு இருந்திருக்க வேண்டும்!

அங்கே படித்தவர்களில் ஒருவர் வங்க நாவலாசிரியர் பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயர். கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியான துவாரகநாத் மித்ரரும் அங்கே படித்தவர்தான். ஸையித் அமீர் அலீயும் அக்கல்லூரியின் மாணவர். அவரே பின்னர் நீதிபதியாகி, முஸ்லிம் சட்டத்தைப்பற்றிப் பெரும் நூல்கள் எழுதி, 1909-ல் பிரிவி கவுன்சில் நீதிக்குழுவில் அமர்ந்த முதல் இந்தியர் என்ற பெருமை பெற்றார். முஹ்ஸின் வக்பின் வழக்கை விசாரித்து முடித்த அதே சபை! அந்த வக்பின் நிழலில் படித்த பிள்ளை அங்கே போய் அமர்ந்தான்.

ஆனால் அமீர் அலீ போன்றவர்கள் அங்கே விரல் விட்டு எண்ணத்தக்கவர்களே. 1871-ல் ஹண்டர் என்ற ஆங்கில அதிகாரி இந்திய முஸ்லிம்களின் நிலைபற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஹூக்ளி விஷயத்தை அதில் அவர் மறைக்காமல் எழுதினார். ஆங்கிலக் கல்லூரியின் 300 மாணவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட முஸ்லிம் இல்லை. அரபும் பாரசீகமும் ஒரு சொல்கூட அறியாத ஆங்கிலேயத் தலைவர் ஒருவர், முஸ்லிம் வக்பிலிருந்து வருஷத்துக்கு 1,500 பவுன் சம்பளம் வாங்குகிறார். இதைத் தம் அரசாங்கம் செய்த தவறு என்றே அவர் சொன்னார்.

இதில் குற்றம் யாருடையது? சர்க்காருடையது என்று சொல்லிவிட்டால் மனதுக்குச் சுகமாயிருக்கும். வக்பு செய்தவர் நினையாத காரியத்துக்கு, அவர் சமூகத்தாரைக் கேளாமலே அவர் பணத்தைச் செலவிட்டது சர்க்காரின் குற்றம்தான். இந்து மாணவர்கள் படித்ததில் குற்றமில்லை. இரவில் சந்துகளில் நடந்த முஹ்ஸின் அதைக் குறைவாக எண்ணியிருக்கமாட்டார். ஆனால் கதவு திறந்து கிடந்த முதல் முப்பது வருஷத்தில் நம்மவர்கள் ஏன் உள்ளே போகவில்லை? ஆங்கிலம் படித்தால் ஈமான் போய்விடும் என்று தடுத்தவர்கள் இருந்தார்கள். கட்டணம் கட்ட முடியாத ஏழைகள் இருந்தார்கள். பணம் முஸ்லிமுடையது, பள்ளியும் வீட்டுக்குப் பக்கத்தில், பிள்ளை மட்டும் தெருவில். இந்த நிலையைக் கண்டு வேதனைப்பட்டவர்களில் முதன்மையானவர் நவாப் அப்துல் லத்தீப். சளைக்காமல் மனுமேல் மனுவாக எழுதி, அதிகாரிகளைச் சந்தித்து, கூட்டங்கள் நடத்தி, முஹ்ஸினின் பணம் முஸ்லிம் கல்விக்குத் திரும்ப வேண்டுமென்று வாதாடினார்.

1873-ல் சர்க்கார் இணங்கியது. ஹூக்ளி கல்லூரியின் செலவைச் சர்க்கார் தன் பொதுப் பணத்திலிருந்து ஏற்றுக்கொண்டது. கல்லூரியை மூடவில்லை, யாரையும் வெளியேற்றவில்லை. இது நல்ல ஏற்பாடு. விடுபட்ட முஹ்ஸின் நிதியைக் கொண்டு டாக்காவிலும் சிட்டகாங்கிலும் ராஜ்ஷாஹியிலும் மத்ரஸாக்கள் ஏற்பட்டன. டாக்கா மத்ரஸாவின் முதல் தலைவர் உபைதுல்லாஹ் அல் உபைதீ ஸுஹ்ரவர்தீ என்ற பேரறிஞர். அங்கெல்லாம் அரபோடு ஆங்கிலமும் கற்பிக்க வழி செய்தார்கள். அது மட்டுமா? பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படிக்கும் முஸ்லிம் மாணவர்களின் கட்டணத்தில் மூன்றில் இரண்டு பங்கை இந்த நிதி கட்டிற்று. பையன் ஒரு பங்கைக் கொண்டு வந்தால் போதும். முழுவதையும் இனாமாகக் கொடுக்காமல் ஒரு பங்கை வீட்டாரே கட்டும்படி வைத்ததை நான் மெச்சுகிறேன். தன் கைக்காசும் போனால்தான் தகப்பன் பையன் படிக்கிறானா என்று கவனிப்பான்.

கிழக்கு வங்காளத்தில் நெல்லும் சணலும் பயிரிட்ட குடியானவர்களின் பிள்ளைகள் வக்கீல்களாகவும் வைத்தியர்களாகவும் ஆசிரியர்களாகவும் வரத் தொடங்கியதில் இந்த நிதிக்கு உள்ள பங்கு சிறிதல்ல. தேச சேவை என்ற சொல்லே வழங்காத காலத்து மனிதர் முஹ்ஸின். பதவி வகித்ததில்லை, மேடை ஏறியதில்லை. பிற்காலத்தில் இரண்டு நாடுகளாகப் பிரிந்த வங்காளத்தின் இரு பகுதியும் இவரைத் தம்மவர் என்றே உரிமை பாராட்டுகின்றன. மேற்கு வங்காளத்தில் அந்தப் பழைய கல்லூரி இன்று ஹூக்ளி முஹ்ஸின் கல்லூரி. வங்கதேசத்தில் சிட்டகாங் மத்ரஸாவிலிருந்து வளர்ந்த அரசுக் கல்லூரிக்கும், டாக்கா பல்கலைக்கழகத்தின் பெரிய மாணவர் விடுதி ஒன்றுக்கும், கடற்படைத் தளம் ஒன்றுக்கும் அவர் பெயர்.

பழைய இமாம்பாரா இருந்த இடத்தில், வக்பின் வருமானத்தைக் கொண்டு 1841-ல் புதுக் கட்டிட வேலை தொடங்கி 1861-ல் முடிந்தது. அப்போதைய முத்தவல்லி ஸையித் கராமத் அலீ கணிதத்திலும் வல்லவர். அமீர் அலீயின் இளமைக்கால ஆசான்களில் ஒருவர். வாசலில் இரட்டைக் கோபுரம், நடுவே இங்கிலாந்திலிருந்து தருவித்த பெரிய கடிகாரம். கல்கத்தா ஹவுராவிலிருந்து ரயிலேறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அங்கே போய்விடலாம். வியாபார விஷயமாக அப்பக்கம் போகும் சகோதரர்கள் ஒரு மாலையை ஒதுக்கிப் பார்த்துவிட்டு வரலாம்.

கடிகாரத்தை எல்லோரும் பார்ப்பார்கள். அதைச் சுற்றிக்கொண்டு கட்டிடத்தின் பின்புறம், ஆற்றைப் பார்த்த சுவருக்குப் போக வேண்டும். முத்தவல்லிகளின் வழக்கால் பாடம் கற்ற பிற்காலத்தார், 1806-ம் வருஷத்து வக்பு பத்திரத்தை, இன்னின்ன சொத்து, இன்னின்ன பங்கு என்ற விவரத்தோடு, போகிறவர் வருகிறவர் யாரும் படிக்கும்படி அந்தச் சுவரிலேயே பெரிய எழுத்துகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். சற்றுத் தள்ளி அடக்கஸ்தலம். மன்னுஜானும் அவள் கணவரும் முஹ்ஸினும் அங்கே அருகருகே இருக்கிறார்கள்.